281 டாலர் வண்டி: ரோட்ஸ்டர் பிக்கப் வந்ததும் போனதும்

1925 ஏப்ரல் 15 அன்று ஃபோர்ட் நிறுவனம் ஒரு புது வண்டியை விற்பனைக்கு விட்டது. 'பிக்கப் பாடியுடன் கூடிய மாடல் டி ரன்அபவுட்' என்று நீளமான பெயர். விலை 281 டாலர். முன்னால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், பின்னால் எஃகுத் தகட்டில் ஒரு தொட்டி. ஃபோர்ட் தன் தொழிற்சாலையிலேயே முழுசாகக் கட்டி விற்ற முதல் பிக்கப் இதுதான். அந்த ஆண்டு மட்டும் 33,795 வண்டிகள் தயாரானதாகக் கணக்கு சொல்கிறது.

இந்த வண்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தொட்டியைப் பற்றியே எழுதுகிறார்கள். இன்றைய பெரிய பிக்கப்புகளுக்கெல்லாம் இது மூதாதை என்பதால் அப்படி எழுதத் தோன்றும். ஆனால் ரோட்ஸ்டர் பிக்கப், அதாவது ரோட்ஸ்டர் அல்லது ரன்அபவுட் எனப்படும் திறந்த இரண்டு இருக்கைக் காரின் பின்னால் தொட்டி வைத்த இந்தத் தனி வகை, எப்படி வந்தது, ஏன் பத்தே ஆண்டில் ஃபோர்டின் பட்டியலிலிருந்து காணாமல் போனது என்று தேடினால், கை போய் நிற்கும் இடம் தொட்டி அல்ல, கூரை. திறந்த கார் மிக மலிவாகக் கிடைத்ததால் இந்த வண்டி பிறந்தது. மூடிய கேபின் கட்டும் செலவு இறங்கியதும் அதற்கு இடமில்லாமல் போனது. இந்த ஆய்வு அந்த வழியாகத்தான் போகிறது.

முன்கதை

மாடல் டி 1908 அக்டோபரில் வந்தது. 177 கன அங்குல எஞ்சின், 20 குதிரைத்திறன், 100 அங்குல வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம்). மண் ரோடும் சேறும் நிறைந்த அமெரிக்கக் கிராமங்களுக்கு அது சரியாகப் பொருந்தியது. வாங்கிய விவசாயிகள் அதை ஆட்கள் போய்வரும் வண்டியாக மட்டும் வைத்திருக்கவில்லை. பால் கேன், தீவன மூட்டை, கோழிக்கூண்டு என்று எல்லாவற்றையும் ஏற்றினார்கள்.

ரன்அபவுட் என்ற இரண்டு இருக்கை மாடல் இதற்கு ரொம்ப வசதி. அதன் பின்பகுதியில் ஆமை முதுகு போல வளைந்த ஒரு டிக்கி உண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் அது தனியாக வந்துவிடும். அந்த இடத்தில் மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ வைத்து மாட்டினால் சின்னதாக ஒரு சரக்கு வண்டி ரெடி. ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் இதைச் செய்தார்கள். பாடி கட்டும் நிறுவனங்கள் அளவெடுத்த பெட்டிகளையே செய்து விற்றன. சில பெட்டிகளை வார நாளில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை கழற்றி வைத்துவிட்டு டிக்கியைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். ஆக, இந்த வண்டியின் வடிவத்தைக் கண்டுபிடித்தது ஃபோர்ட் அல்ல. வாங்கியவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை ஃபோர்ட் தன் பட்டியலில் சேர்த்தது.

இடையில் 1917-ல் ஃபோர்ட் 'மாடல் டிடி' என்ற ஒரு டன் லாரியைக் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் வெறும் சேஸிஸாக, அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டமாகத்தான் விற்றார்கள். பாடியை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். உறுதியான வண்டி. ஆனால் மெதுவோ மெது. சாதாரண கியரில் மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதே நிறுவனத்தின் அறிவுரை. பத்து முட்டைப் பெட்டியை நகரத்துக்குக் கொண்டு போகிறவருக்கு அது தேவைக்கு மிஞ்சிய வண்டி. காருக்கும் லாரிக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியைத்தான் 1925 பிக்கப் பிடித்தது.

போட்டி நிறுவனங்கள் இதில் பின்தங்கியே இருந்தன. செவ்ரோலெட் 1918 முதல் சரக்கு வண்டிகள் விற்றாலும் சேஸிஸை மட்டும் கொடுத்துவிட்டு, பாடியை வெளியாரிடம் விட்டது. 1930-ல் மார்ட்டின்-பாரி என்ற பாடி நிறுவனத்தின் இண்டியானாபொலிஸ் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய பிறகுதான் செவ்ரோலெட்டுக்குச் சொந்தப் பிக்கப் பாடி என்று ஒன்று அமைந்தது.

வண்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

தொட்டியின் நீளம் 56 அங்குலம், அகலம் 40, ஆழம் 13. நன்றாக உயரமான ஓர் ஆள் அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது. நான்கு மூலைகளிலும் குச்சி செருகும் குழிகள் உண்டு. வைக்கோலோ பெட்டியோ உயரமாக ஏற்றினால் மரக்குச்சி நட்டுக் கட்டிக்கொள்ளலாம். பின்கதவைத் திறந்து நீளச் சரக்குக்குத் தோதாக நிறுத்திக்கொள்ளலாம். அடியில் எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைக் கனமாக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். வீல்பேஸ் அதே 100 அங்குலம், எஞ்சின் அதே எஞ்சின், இருக்கைக்கு முன்னால் உள்ள அத்தனையும் ரன்அபவுட்டில் உள்ளதுதான். சாதா ரன்அபவுட் விலை அப்போது 260 டாலர். கூடுதலாகக் கேட்டது 21 டாலர். ஏற்கெனவே ரன்அபவுட் வைத்திருப்பவர் 25 டாலர் கொடுத்துத் தொட்டியை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்ளவும் முடிந்தது.

இந்த 25 டாலர் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் ஏறும் விதத்தைப் பார்த்தால் இது எப்படிப்பட்ட வண்டி என்பது புரியும். ஸ்டியரிங் இடதுபுறம். ஆனால் இடதுபுறக் கதவு திறக்காது. 1925 வரை அமெரிக்காவில் கட்டிய திறந்த மாடல் டி-க்களில் அந்தப் பக்கம் இருந்தது கதவின் கோடுகள் மட்டுமே, தகட்டில் அழுத்திய உருவம். வலதுபுறக் கதவைத் திறந்து ஏறி, இருக்கையில் நகர்ந்து போய் உட்கார வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் இறங்கி வழிவிட வேண்டும். ஒரு நாளில் இருபது வீட்டு வாசலில் நிறுத்தும் மளிகைக்கடைப் பையன் இருபது தடவை இப்படி நகர்ந்திருப்பான். 1926 மாடலில்தான் ஓட்டுநருக்கு நிஜக் கதவு வந்தது.

கனடாவில் கதை வேறு. அங்குள்ள ஃபோர்ட் ஆலை இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கு வலதுபுற ஸ்டியரிங் வண்டிகளை அனுப்பியது. இரண்டு பக்கமும் ஸ்டியரிங் வரும் என்பதால் கதவும் இரண்டு பக்கமும் திறக்கும்படி கட்டினார்கள். நம் பக்கத்தில் ஓடிய மாடல் டி-க்கள் பெரும்பாலும் அந்தக் கனடா வம்சம்தான்.

உட்கார்ந்த பிறகு காலுக்குக் கீழே மூன்று மிதிகள். இடது மிதியை முழுசாக அழுத்தினால் முதல் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், விட்டால் மேல் கியர். நடு மிதி ரிவர்ஸ். வலது மிதி பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை. ஸ்டியரிங் தண்டில் வலப்பக்கம் ஒரு சின்ன லீவராக இருக்கும். இடப்பக்க லீவர் தீப்பொறி நேரத்தை முன்பின் நகர்த்த. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில். நிரப்ப வேண்டுமானால் இறங்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறக்க வேண்டும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தானாக வழிந்துதான் போகும், பம்ப் கிடையாது. செங்குத்தான மேட்டில் டேங்க் காலியாகும் நிலையில் ஏறினால் எஞ்சின் பட்டினி கிடக்கும். அதனால் பலர் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். தொட்டியில் சரக்கோடு பின்பக்கமாக மேடேறுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1926-ல் டேங்க் கண்ணாடிக்குக் கீழே முன்பக்கம் வந்ததும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

மழைக்கு என்ன ஏற்பாடு? மடக்கும் துணிக்கூரை ஒன்று, பக்கவாட்டில் பட்டன் போட்டு மாட்டும் திரைகள். அவ்வளவுதான். பனி கொட்டும் மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் வேலைக்குப் போனவர்கள் இதில்தான் போனார்கள். டி சேஸிஸில் மூடிய கேபினோடு ஒரு பிக்கப்பை ஃபோர்ட் தரவே இல்லை. பிக்கப் வேண்டுமென்றால் திறந்த வண்டிதான்.

மாடல் ஏ: கேபின் தனியாகப் பிரிந்தது

1927 மே மாதம் மாடல் டி-யின் காலம் முடிந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கட்டியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மாடல் ஏ வெளிவந்தது. 200 கன அங்குல எஞ்சின், 40 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் பிரேக், மூன்று கியர் உள்ள சாதாரண கியர்பாக்ஸ். திறன் அப்படியே இரண்டு மடங்கு.

பாடி வடிவத்தில் நடந்த மாற்றம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. டி பிக்கப் என்பது டிக்கி கழற்றிய கார். மாடல் ஏ பிக்கப் அப்படி இல்லை. 76-ஏ என்ற எண்ணோடு அதற்கென்றே ஒரு திறந்த கேபின் வரைந்தார்கள். இருக்கைக்குப் பின்னால் கேபின் முடிந்துவிடும். பின்சுவர் தட்டையாக நிற்கும். ரோட்ஸ்டர் காரின் பாடியோ வளைந்து பின்னோக்கி நீண்டு டிக்கியில் போய் முடியும். துணிக்கூரையிலும் வித்தியாசம் உண்டு. ரோட்ஸ்டரில் அழகாக மடக்கிப் பின்னால் தள்ளலாம். பிக்கப்பில் மடக்க முடியாது, வேண்டாமென்றால் முழுசாகக் கழற்றி வைக்க வேண்டும். பின்னால் தொட்டி வந்து ஒட்டி நிற்பதால் மடித்த கூரைக்கு இடமேது?

அதாவது வெளியிலிருந்து பார்க்க ரோட்ஸ்டர் போலத் தெரிந்தாலும், 1928-லேயே இது காரை விட்டு விலகி வேலைக்கான வண்டியாக மாறிவிட்டது. கொஞ்ச மாதத்தில், அதே 1928-ல், 82-ஏ என்ற மூடிய கேபின் பிக்கப்பும் வந்தது. முதல் தடவையாக வாங்குபவர் முன்னால் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தொட்டி இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவும் நிலையான கூரையும் இருந்தன. இன்னொன்றில் துணியும் திரையும். திறந்த கேபினின் சரிவு அந்த நாளில் தொடங்கியது என்பேன்.

1930-31-ல் மாடல் ஏ-யின் முகம் மாறியபோது திறந்த கேபினும் 76-பி ஆகப் புதுப்பிக்கப்பட்டது. தொட்டியும் 1931-ல் பெரிதானது. அதே ஆண்டு 66-ஏ என்று ஒரு டீலக்ஸ் பிக்கப் சிறிய எண்ணிக்கையில் வந்தது. தொட்டியின் பக்கச்சுவர் கேபினோடு ஒட்டி ஒரே உடம்பாகத் தெரியும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபிரிட்ஜ் விற்பனைக்காகப் பல வண்டிகள் போயின. அந்த வண்டிக்கு மூடிய கேபின்தான் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பளபளப்பாக நகரத் தெருவில் போக வேண்டிய பிக்கப்புக்குத் திறந்த கேபினை யாரும் நினைக்கவில்லை.

1932-ல் எட்டு சிலிண்டர் உள்ள வி8 எஞ்சின் வந்தது. அந்த ஆண்டும் திறந்த கேபின் பிக்கப் பட்டியலில் இருந்தது, ஆனால் சில நூறு வண்டிகளே தயாராயின. 1934-உடன் ஃபோர்ட் அமெரிக்காவில் அதை நிறுத்திக்கொண்டது.

விலைக் கணக்கு

ஏன் போனது என்பதற்கு ஃபோர்டின் விலைப்பட்டியலே பதில் சொல்கிறது. 1925-ல் ரன்அபவுட் 260 டாலர், இரண்டு பேர் உட்காரும் மூடிய கூப்பே 520 டாலர். சரியாக இரண்டு மடங்கு. இந்த ஒப்பீட்டைப் பல இடங்களில் அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள். அது முழுக் கணக்கு இல்லை. 260 டாலர் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. கையால் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். ஸ்டார்ட்டரும் கழற்றி மாட்டும் ரிம்மும் வேண்டுமென்றால் 85 டாலர் கூடுதல். கூப்பேயின் விலையில் அவை அடக்கம். எனவே நியாயமாக ஒப்பிட்டால் 345-க்கு 520. வித்தியாசம் 175 டாலர்.

1927-ல் ரன்அபவுட் 360, கூப்பே 485. வித்தியாசம் 125. ஆண்டு இறுதியில் மாடல் ஏ வந்தபோது ரோட்ஸ்டர் 385, கூப்பே 495. வித்தியாசம் 110. மூன்றே ஆண்டில் கூரையின் விலை 175-லிருந்து 110-க்கு இறங்கிவிட்டது. ஃபோர்டில் மட்டும் நடந்த கதையல்ல இது. ஹட்ஸன் நிறுவனம் 1925-ல் தன் எஸெக்ஸ் மூடிய காரை, பின்னிருக்கையும் உள்ள திறந்த டூரிங் காரை விட 5 டாலர் குறைவாகவே விற்றது. அமெரிக்கத் தொழில் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1924-ல் விற்ற கார்களில் 43 சதவீதம் மூடிய கார்கள். 1926-ல் 72. 1927-ல் 85.

செலவு இறங்கக் காரணங்கள் பல. பழைய மூடிய பாடி என்பது தச்சு வேலை. மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகடு அறைந்து, பூச்சு மேல் பூச்சாக வார்னிஷ் அடித்துக் காய வைப்பார்கள். பெயின்ட் மட்டுமே வாரக்கணக்கில் இழுக்கும். டூபாண்ட் நிறுவனத்தின் சீக்கிரம் காயும் டூகோ பெயின்ட் 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் வந்தபோது அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் போய்விட்டது. எஃகுத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் இயந்திரங்கள் பெரிதாயின. ஜன்னல் கண்ணாடி செய்யும் முறையும் வேகமானது. ஆனாலும் முழுக் கூரையையும் ஒரே தகட்டில் அழுத்தும் வசதி 1930-களின் நடுப்பகுதி வரை வரவில்லை. அதனால் அப்போதைய 'மூடிய' கேபின்களிலும் கூரையின் நடுவில் துணி போட்டு மூடிய ஒரு பகுதி இருந்தது.

இதெல்லாம் காருக்கு நடந்தது. பிக்கப் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போனது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காரை வாங்குபவர் மழை நாளில் வீட்டிலேயே விட்டுவிடலாம். பிக்கப் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மழையோ பனியோ பால் ஊற்றப் போய்த்தான் ஆக வேண்டும். கூரை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது கடைசியாகக் கிடைத்தது. கையில் பணம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. திறந்த பிக்கப்பை ரசனையின் அடையாளமாக இன்று கொண்டாடுகிறவர்கள், அன்று அதை ஓட்டியவர் முகத்தில் அடித்த காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் நீண்ட ஆயுள்

ஆஸ்திரேலியா 1917-லிருந்தே முழுசாகக் கட்டிய கார்களின் இறக்குமதியை இறுக்கியது. சேஸிஸ் கப்பலில் வரும், பாடியை அங்கேயே கட்டுவார்கள். அடிலெய்டில் ஹோல்டன் போன்ற பாடி நிறுவனங்கள் அப்படித்தான் வளர்ந்தன. ரோட்ஸ்டரின் முன்பாதியோடு தொட்டியைச் சேர்த்து 'ரோட்ஸ்டர் யூட்டிலிட்டி' கட்டுவது அங்கே வழக்கமானது. குளிர் குறைவு என்பதும் அதற்கு உதவியிருக்கும். அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் அங்கே திறந்த யூட்டிலிட்டிகள் வந்துகொண்டிருந்தன.

ஆனால் அந்த நாடு இன்று நினைவில் வைத்திருப்பது மூடிய வண்டியைத்தான். 1930-களின் தொடக்கத்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். காரும் லாரியும் இரண்டும் வாங்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மழையில் நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கேட்டது. ஜீலாங் ஆலையில் இருந்த இளம் வடிவமைப்பாளர் லூ பாண்ட் அதற்கு வரைந்ததுதான் 1934 ஃபோர்ட் கூப்பே யூட்டிலிட்டி. கேபினின் பக்கத் தகடு இடைவெளியில்லாமல் தொட்டியின் பக்கமாக நீளும். தொட்டியோடு திறந்த வண்டி அங்கே முன்பே இருந்தது. கடிதம் எழுதிய அம்மாவுக்குக் குறையாக இருந்தது தலைக்கு மேல் ஒரு கூரை.

இன்று அசலைக் கண்டுபிடிப்பது

பயன்பாட்டிலிருந்து போன பிறகு இந்த வண்டிகளுக்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளை எடை குறைத்து வேகப்படுத்தி ஓட்டிய இளைஞர்களுக்கு, எடை குறைந்த திறந்த கேபின் பிடித்துப்போனது. 1950-களில் நார்ம் கிரபோவ்ஸ்கி கட்டிய புகழ்பெற்ற வண்டி, 1922 மாடல் டி டூரிங்கின் முன்பாதியையும் நீளம் குறைத்த மாடல் ஏ பிக்கப் தொட்டியையும் சேர்த்தது. உள்ளே காடிலாக் வி8. தொலைக்காட்சித் தொடரில் அது வந்ததும் அதே அச்சில் ஏராளமானவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 'டி-பக்கெட்' என்ற வகை அப்படிப் பரவியது. நல்ல நிலையில் இருந்த பல தொட்டிகள் அதற்காக வெட்டுப்பட்டன என்பது வருத்தம்தான்.

இதனால் இன்று பழைய வண்டி வாங்குகிறவருக்கு முதல் கேள்வி: இது தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வந்ததா, பிறகு ஆக்கியதா? எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாடல் டி-க்கும் ஏ-க்கும் எஞ்சின் எண்தான் வண்டி எண். எந்தப் பாடி ஏறியது என்ற விவரம் அதில் இல்லை.

மாடல் ஏ-யில் உடம்பே சாட்சி சொல்லும். கேபினின் பின்சுவரைப் பாருங்கள். திறந்த கேபினுக்கென்றே செய்த தட்டையான பின்சுவரா, அல்லது ரோட்ஸ்டர் காரின் வளைவை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்ததா? உள்பக்கம் கைவிட்டுத் தடவினால் வெல்டிங் தடம் தெரியும். கூரைச் சட்டம் கழற்றும் வகையா, மடக்கும் வகையா என்பது அடுத்த சோதனை. கார் ரோட்ஸ்டரை வெட்டிப் பிக்கப் ஆக்கியிருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது காட்டிக்கொடுத்துவிடும்.

மாடல் டி-யில் அந்த வழி மூடிக்கிடக்கிறது. அந்த 25 டாலர் தொட்டிதான் காரணம். 1925-ல் ஒருவர் ரன்அபவுட் வாங்கி, டிக்கியைக் கழற்றி, ஃபோர்ட் விற்ற அதே தொட்டியை ஏற்றியிருந்தால், தொழிற்சாலை செய்ததையே அவரும் செய்திருக்கிறார். பின் ஸ்பிரிங்கில் பட்டைகள் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அந்த ஸ்பிரிங்கும் மாற்றக்கூடிய பாகம்தான். இதற்கு மேல் புதுத் தகட்டில் அச்சு அசலாகச் செய்த தொட்டிகளும் இன்று விற்பனையில் உள்ளன. எனவே ஒரு டி பிக்கப்பைக் காட்டி 'இது நூறு சதவீதம் ஃபேக்டரி வண்டி' என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், அந்தக் காலத்து விற்பனை ரசீதோ தேதி தெரிகிற பழைய புகைப்படமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தகட்டின் நிலைக்கும் எஞ்சினின் நிலைக்கும் என்ன தகுமோ அதை மட்டும் கொடுங்கள்.